அப்ரண்டிஸ் முடிச்சாச்சு

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக நாஞ்சில் நாட்டு வீடுகளில் புழங்கி வரும் பேச்சு ஒன்று உண்டு. "மூத்தவன் என்ன செய்யுதான்?" என்று கேட்டால், "அப்ரண்டிஸ் முடிச்சாச்சு" என்று பதில் வரும். கேட்டவர் அதற்கு மேல் துருவ மாட்டார். வேலை கிடைத்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை, சும்மா இருக்கிறான் என்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் திண்ணை அது. அங்கே எத்தனை காலம் உட்கார வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. நாகர்கோவில் கோணத்து ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படித்து வந்தவர்கள் மணவாளக்குறிச்சி மணல் ஆலை, தூத்துக்குடி ஸ்பிக், சாகுபுரம் டி.சி.டபிள்யூ., எல்லை தாண்டினால் ஆலுவா என்று விண்ணப்பம் போட்ட காலத்தையும், இன்று இணையத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. ரசாயன ஆலையின் வேலையை ஆலைதான் கற்றுக்கொடுக்க முடியும். ஆகவே பயிற்சியை நடத்தும் பொறுப்பு வேலை கொடுப்பவரிடம்தான் இருக்க வேண்டும். ஆனால் கற்றுத் தேறியவனுக்கு அடுத்து என்ன என்ற கேள்வியிலிருந்து அவரை விடுவித்துவிட்டு, கற்பிக்கும் பொறுப்பை மட்டும் கையில் கொடுத்தால், அவர் கற்பிக்க மாட்டார், வேலை வாங்குவார். நம் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் அறுபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் இதற்குத்தான் இடம் கொடுத்து வந்திருக்கிறது.

ரசாயனத் தொழில் எங்கள் குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1909ல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்து கியாஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் கையிலிருந்து தொழில் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்குப் போனது. 1950ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 1952ல் ஆலுவாவில் மோனசைட்டை உடைத்து ரசாயனங்களாக்கும் ஆலை தொடங்கியது. 1965ல் மணவாளக்குறிச்சி ஆலையும் கேரளத்துச் சவறா ஆலையும் அந்நிறுவனத்தின் கைக்கு வந்தன. இடையில் 1956ல் எல்லைக்கோடு மாறியது. மணல் தமிழ்நாட்டில், அதை ரசாயனமாக்கும் பெரிய ஆலை கேரளத்தில் என்று ஆனது. மணவாளக்குறிச்சியிலும் சிர்க்கான் சார்ந்த ரசாயனங்களைச் சிறிய அளவில் செய்யும் பிரிவு உண்டு. ஆனாலும் இங்கே நடப்பது முக்கியமாகப் பிரித்தெடுக்கும் வேலைதான். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ரசாயனத் தொழிலின் வாசலில் குடியிருந்தும், அதை முழுதாகக் கற்க வேண்டுமானால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே போகவேண்டிய ஊராகவே நம் மாவட்டம் இருந்து வந்திருக்கிறது.

பிரித்தெடுப்பதுதானே, அதில் கற்க என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒரு மின்னழுத்தப் பிரிப்பான் அருகே நின்று பார்க்க வேண்டும். உலர்த்திச் சூடாக்கிய மணல், சுழலும் உலோக உருளையின் மேல் மெல்லிய திரையாக விழுகிறது. பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் ஒரு மின்முனை. மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் தாம் பெற்ற மின்னூட்டத்தை உருளைக்குக் கொடுத்துவிட்டு எட்டித் தெறிக்கும். கடத்தாத சிர்க்கானும் மோனசைட்டும் உருளையோடு ஒட்டிக்கொண்டு கீழே போய், பிரஷ் தட்டிவிட்டதும் விழும். இரண்டையும் பிரிப்பது நடுவில் நிற்கும் ஒரு தகடு. அந்தத் தகட்டை எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் ஷிப்டின் உற்பத்தி இருக்கிறது. பாடப்புத்தகம் இதுவரை சொல்லிவிடும். இடவப்பாதி மழை பிடித்து, காற்றில் ஈரம் ஏறி, நேற்று ஒழுங்காகத் தெறித்த மணல் இன்று கட்டி தட்டி விழுந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லாது. உலர்த்தியின் சூட்டைக் கூட்டுவதா, மணல் வரத்தைக் குறைப்பதா, தகட்டை நகர்த்துவதா என்பதை அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒரு சிட்டிகை மணலைத் தாளில் பரப்பிப் பார்த்தே தீர்மானிப்பார். கறுப்பு இல்மனைட், செம்மை பாய்ந்த ரூட்டைல், தேன் நிற மோனசைட், நிறமற்ற சிர்க்கான். தவறான பக்கத்தில் தவறான நிறம் எத்தனை மணி கிடக்கிறது என்பதைக் கண் எண்ணிவிடும். பரிசோதனைக்கூடத்தின் அறிக்கை வருவதற்குள் அவர் சரிசெய்து முடித்திருப்பார். இந்தக் கண் ஒரு பருவமழையில் வராது. இரண்டு மூன்று மழைக்காலமாவது பார்த்திருக்க வேண்டும்.

பராமரிப்புப் பக்கமும் இதே கதைதான். குழாய் இணைப்பின் பிளாஞ்சைப் பிரிப்பதற்கு முன் எந்த போல்ட்டை முதலில் தளர்த்துவது? தனக்கு எதிர்ப்பக்கத்தில், தன் உடம்புக்கு அப்பால் இருப்பதைத்தான். குழாய் காலியாகிவிட்டது, அழுத்தம் இறங்கிவிட்டது, பர்மிட்டில் கையெழுத்தாகிவிட்டது என்று எல்லாரும் சொன்ன பிறகும், உள்ளே மிச்சம் ஏதாவது இருந்தால் அது முகத்தில் பீய்ச்சாமல் மறுபுறம் போகட்டும் என்பதற்காக. நான்கு வரியில் நான் எழுதிவிட்டேன். வகுப்பிலும் நான்கு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அம்மோனியா நெடி மூக்கில் ஏற, ஏணியின் மேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது தானாகக் கைக்கு வர வேண்டுமென்றால், பக்கத்தில் ஒரு அண்ணாச்சி நின்று பலமுறை அதட்டியிருக்க வேண்டும். சட்டத்தின் தொழிற்பிரிவுப் பட்டியலில் அட்டெண்டண்ட் ஆபரேட்டர் (கெமிக்கல் பிளாண்ட்), இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக் (கெமிக்கல் பிளாண்ட்), மெயின்டெனன்ஸ் மெக்கானிக் (கெமிக்கல் பிளாண்ட்) என்று ரசாயன ஆலைக்கெனத் தனிப் பிரிவுகளை வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. சாதாரண பிட்டரும் ரசாயன ஆலை பிட்டரும் ஒன்றல்ல என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1962 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 1973ல் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமா படித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 2014ல் பெரிய திருத்தம். 2019ல் மாறிய விதிகளின்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். டிப்ளமாக்காரருக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 என்று அந்த விதிகளில் வைத்தார்கள். அதில் பாதியை அரசு திருப்பிக் கொடுக்கும். அவர்களுக்குக் காலம் ஓராண்டு. சட்டத்தின் 18ஆம் பிரிவு பழகுநர் தொழிலாளி அல்லர் என்கிறது. 22ஆம் பிரிவு, பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுக்கும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்றது. 2014க்குப் பிறகு, அதற்கான கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்துக்கொள்ளட்டும் என்கிறது. 1995ல் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற அளவில் ஆறுதல் சொன்னது. பட்டதாரிக்கும் டிப்ளமாக்காரருக்கும் கடைசியில் பொதுத்தேர்வும் கிடையாது. நிறுவனம் திருப்தி தெரிவித்தால் சான்றிதழ் வந்துவிடும். இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், தலைகளை எண்ணுவதில் சட்டத்துக்கு இருக்கும் அக்கறை, அந்தத் தலைக்குள் என்ன போயிற்று என்பதில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓராண்டில் போகப்போகிறவனுக்கு மூன்று மாதம் செலவழித்து ஒரு யூனிட்டைக் கற்றுக்கொடுப்பதில் ஷிப்ட் பொறுப்பாளருக்கு என்ன லாபம்? ரீடிங் எடுக்கச் சொல்வார், ஸ்டோரிலிருந்து பொருள் வாங்கி வரச் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு மாறான ஏற்பாடு நம் மாவட்ட எல்லையை ஒட்டியே இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் நிறுவனமும், அணுசக்தித் துறையின் பிற பிரிவுகளும் பழகுநர்களையும் எடுக்கின்றன, 'ஸ்டைபெண்டரி டிரெய்னி' என்ற பெயரில் வேறொரு வகையினரையும் எடுக்கின்றன. இந்த இரண்டாவது வகையில் ஐ.டி.ஐ. அல்லது பிளஸ் டூ படித்தவருக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி, டிப்ளமா, பி.எஸ்சி. படித்தவருக்கு ஒன்றரை ஆண்டு. தேர்வுகள் கடுமை. தேறினால் பணியில் சேர்க்கிறார்கள். சில ஆண்டுகள் அங்கேயே இருப்பதாகப் பயிற்சிக்கு முன்பே பத்திரம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். மனிதர்கள் அதே மனிதர்கள், ஒரே ஊர்ப் பையன்கள். ஆனால் நாளைக்கு இந்த வால்வின் முன் இவன்தான் நிற்கப்போகிறான் என்று தெரிந்தால் கற்பிப்பவரின் கண்டிப்பு வேறாகிவிடுகிறது. நல்லெண்ணத்தை நம்பிப் பயனில்லை, சொந்த நலன் வேண்டும். கற்றுக்கொடுக்காவிட்டால் நஷ்டம் தனக்குத்தான் என்ற நிலையில் முதலாளி இருக்கும்போது மட்டுமே 'முதலாளி நடத்தும் பயிற்சி' என்ற ஏற்பாடு வேலை செய்கிறது.

ஆபத்தான ஆலைக்குள் கற்றுக்குட்டிகளை விடுவதே தவறு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் போபாலை உதாரணம் காட்டுவார்கள். நானும் அதையே காட்டுகிறேன். 1984 டிசம்பரில் அங்கே நச்சு வாயுத் தொட்டி கசிந்தபோது உள்ளே இருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் என்பதைவிட, கற்பிப்பதே செலவு என்று வெட்டப்பட்ட ஆலை அது என்பதே பொருத்தமான விவரம். அந்த வாயுவுக்கான எம்.ஐ.சி. பிரிவில் ஷிப்டுக்குப் பன்னிரண்டு பேர் நின்ற இடத்தில் ஆறு பேர் நின்றார்கள், பயிற்சிக்காலமும் சுருக்கப்பட்டிருந்தது. ஆட்களைக் குறைத்த இடத்தில் முதலில் காணாமல் போவது, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க நேரமுள்ள மூத்தவர்தான். 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான செயல்முறைகளுக்குத் தனி அத்தியாயம் சேர்த்தார்கள்; தகுதியும் அனுபவமும் உள்ளவர்களின் மேற்பார்வையில்தான் ஆபத்தான பொருள்களைக் கையாள வேண்டும் என்றார்கள். அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? யாரோ ஓர் ஆலைக்குள் கற்றுக்குட்டியாக நுழைந்தால்தான் வரும்.

அதே சமயம் அனுபவமே போதும், பாடம் எதற்கு என்பதையும் ஏற்க முடியாது. இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊரில், நைலானுக்கான மூலப்பொருள் செய்த ஆலையில் வரிசையாக நின்ற ஆறு உலைகளில் ஐந்தாவது விரிசல் விட்டது. அதைக் கழற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் இணைக்கத் தற்காலிகமாக ஒரு வளைகுழாய் பொருத்தினார்கள். அதற்கு முறையான வரைபடம் இல்லை. பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்தார்கள். ஆலையின் பொறியாளர் விலகிப்போய் அந்த இடம் நிரப்பப்படாமல் கிடந்தது. 1974 ஜூன் 1ஆம் தேதி அது பிய்த்துக்கொண்டதில் 28 பேர் இறந்தார்கள். வெல்டிங் செய்தவர்கள் கைகாரர்கள்தான். அந்த வளைவு அழுத்தத்தில் எப்படித் திருகும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர், போட்டுவிட்டு 'கூடாது' என்று சொல்லும் இடத்தில் இருந்தவர், ஒருவரும் இல்லை. பொறியியல் படித்தவனும் இரண்டாண்டு ஆலைத் தரையில் கிடக்க வேண்டும், பிட்டருக்கும் அழுத்தத்தின் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, பயிற்சியை முதலாளியிடம் கொடுத்தால் அவர் தமக்கு வேண்டியதை மட்டும் கற்பிப்பார், பையன் அந்த ஒரு எந்திரத்தோடு முடங்கிவிடுவான் என்ற மறுப்பு இருக்கிறது. இது வலுவான மறுப்பு. இங்கிலாந்தில் பயிற்சியின் அளவுகோல்களை வகுக்கும் வேலையையே முதலாளிகளின் குழுக்களிடம் கொடுத்தார்கள்; 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்களிடம் அரை சதவீத வரி வாங்கி, அதைப் பயிற்சிக்கே செலவழிக்கலாம் என்றார்கள். முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 4,95,000 பேர் சேர்ந்த இடத்தில் அடுத்த ஆண்டு 3,76,000 பேர்தான் சேர்ந்தார்கள். பணத்தில் கணிசமான பகுதி, ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களின் மேலாண்மைப் படிப்புகளுக்குத் திரும்பியது. பள்ளி முடித்த பையனுக்கு ஆலையின் கதவைத் திறப்பதைவிட அது அவர்களுக்கு வசதி. ஜெர்மனியில் அப்படி ஆகாமல் போனதற்குக் காரணம் ஜெர்மானிய முதலாளிகளின் பெருந்தன்மை என்று நான் நம்பவில்லை. ரசாயன ஆலை இயக்குநருக்கு அங்கே மூன்றரை ஆண்டுப் பயிற்சி. செலவு நிறுவனத்துடையது, ஆனால் என்ன கற்பிக்க வேண்டும் என்பதைத் தொழிற்சங்கமும் முதலாளிகளும் அரசும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள், தேர்வை வணிக மன்றம் நடத்துகிறது. லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப். ஆலையில் கற்றவனின் சான்றிதழ் வேறெந்த ஆலையிலும் செல்லும். நடத்துபவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர். நம் நாட்டில் பட்டதாரிப் பழகுநருக்கு இருவரும் ஒருவரே.

நம்மூருக்கே உரிய மறுப்பும் ஒன்று இருக்கிறது. 'கற்றுக்கொடுத்தால் கல்ஃபுக்குப் போய்விடுவான்.' ஆலை முதலாளிகள் மட்டுமல்ல, சின்னப் பட்டறைக்காரர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பொய்யில்லை. எழுபதுகளின் எண்ணெய்ப் பெருக்கத்துக்குப் பிறகு குமரி மாவட்டத்துப் பிட்டர்களும் வெல்டர்களும் வளைகுடாவின் சுத்திகரிப்பு ஆலைகளில் நிரம்பியிருக்கிறார்கள். இங்கே பல ஊர்களில் மாடி வீடு எழுந்ததே அந்தப் பணத்தில்தான். ஆனால் அவர்கள் போவது கற்றதனாலா, கற்ற பிறகு இங்கே இடம் இல்லாததனாலா? ஓராண்டு முடிந்ததும் வாசலைக் காட்டிவிட்டு, 'போய்விடுகிறான்' என்று அலுத்துக்கொள்வதில் நியாயம் இல்லை. பையனிடம் வளைகுடாவிலும் முதலில் கேட்பது அனுபவச் சான்றிதழைத்தான். அது வேண்டுமே என்பதற்காகவே இங்கே ஓராண்டைப் பலர் கழிக்கிறார்கள். மூன்றாண்டுப் பயிற்சி, ஆண்டுக்காண்டு ஏறும் உதவித்தொகை, முடித்தால் வேலை அல்லது மற்ற ஆலைகள் மதிக்கும் தேர்வு என்று இருந்தால், போகிறவர்கள் போவார்கள்தான். போகுமுன் மூன்றாண்டு உழைப்பை, அதிலும் பின்பாதியில் தேர்ந்த உழைப்பை, ஆலை பெற்றிருக்கும். ஜெர்மன் நிறுவனங்கள் போடும் கணக்கும் இதுதான்.

பட்டத்தின் மேலுள்ள மோகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம். பொறியியல் கல்லூரி இல்லாத திசையே இல்லை. 'பி.இ. படிச்சவன் பானா பிடிப்பானா?' என்று கேட்கிறார்கள். பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்களை இந்தியன் ஆயில் தன் சுத்திகரிப்பு ஆலைகளில் அட்டெண்டண்ட் ஆபரேட்டர் பழகுநராக எடுக்கிறது என்பதையும், அதற்கு விண்ணப்பிக்க நம் பிள்ளைகள் தயங்குவதில்லை என்பதையும் பார்த்தால், மோகம் பட்டத்தின் மேல் அல்ல, நிலையான வேலையின் மேல் என்பது புரியும்.

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர ஊர்கள் எதிர்த்துக்கொண்டிருக்கும் காலம் இது. கதிரியக்கத்தையும் கடல் அரிப்பையும் பற்றிய அந்த மக்களின் அச்சத்துக்குத் தொழிற்பயிற்சி பதிலாகாது. அப்படிச் சொல்பவர்களை நான் நம்பவும் மாட்டேன். ஆனால் 'வேலைவாய்ப்பு' என்ற வாக்குறுதியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம், எத்தனை ஆண்டுப் பயிற்சி, எந்த யூனிட்டில், முடித்தால் எந்தப் பதவி என்று கேட்கும் உரிமை அந்த ஊர்களுக்கு உண்டு. லாரி ஓட்டுவதும் மணல் அள்ளுவதும் ரசாயனத் தொழிலில் வேலை ஆகாது.

பெரிய ஆலைகளையே பேசிக்கொண்டிருப்பதில் ஒரு குறை இருக்கிறது. குமரியின் மலையடிவாரத்தில் ரப்பர் பாலைச் செறிவூட்டும் ஆலைகளை யாரும் ரசாயன ஆலையாக நினைப்பதில்லை. மரத்திலிருந்து இறங்கும் பாலில் முப்பது சொச்சம் சதவீதம்தான் ரப்பர். அம்மோனியா சேர்த்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 சுற்றில் ஓடும் செண்ட்ரிபியூஜில் விட்டு அறுபது சதவீதமாக்குகிறார்கள். ஒதுங்கும் மெல்லிய பாலைக் கந்தக அமிலம் ஊற்றித் திரளச் செய்கிறார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை செண்ட்ரிபியூஜின் கிண்ணத்தைக் கழற்றி, தட்டுகளைக் கழுவி, அதே வரிசையில் அடுக்கிப் பூட்ட வேண்டும். வரிசை பிசகினால் அந்த வேகத்தில் எந்திரம் அதிரும். அழுத்தத்தில் அடைத்த அம்மோனியா, அமிலம், அதிவேக எந்திரம் என்று ஒரு ரசாயன ஆலைக்குரிய அத்தனையும் ஒரு கூரைக்குள் இருக்கின்றன. ஆள்பலம் முப்பதைத் தொடாத ஆலை என்றால் சட்டத்தின் கட்டாயம் அதற்கு இல்லை. நாலு பேராவது இருந்தால், விருப்பப்பட்டால் பழகுநரை எடுக்கலாம், அவ்வளவுதான். தனி ஆலையால் மூன்றாண்டுப் பயிற்சி கொடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அடிப்படைப் பயிற்சியை வெளியே கொடுத்துவிட்டு, வேலைப் பயிற்சியை ஆலைக்குள் கொடுக்கச் சட்டத்தில் இப்போதே வழி இருக்கிறது. குழாய், வால்வு, அளவைக்கருவி, அம்மோனியாக் கசிவு ஆகியவற்றைக் கோணத்து ஐ.டி.ஐ.யில் ஆறு மாதம். பிறகு நாலைந்து ஆலைகள் முறைவைத்து ஒரே பையனைச் சுற்றி அனுப்பிக்கொண்டு, உதவித்தொகையைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். கடைசித் தேர்வை அந்த ஆலைகளில் எதிலும் வேலை செய்யாத ஒருவர் நடத்த வேண்டும். நாகர்கோவிலில் தலைமையகம் வைத்திருக்கும் அரசு ரப்பர் கழகம் முன்கை எடுத்தால் தனியார் ஆலைக்காரர்கள் பின்னால் வரத் தயங்கமாட்டார்கள். அவர்களுக்கு ஆள் தட்டுப்பாடு இருக்கிறது, கிண்ணத்தைச் சரியாக அடுக்கத் தெரிந்தவருக்கு வயதும் ஆகிக்கொண்டிருக்கிறது.